தம்பியின் கால் மறைத்த இரண்டு எண்கள்

பழைய வண்டிகள்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பழைய பியட்டின் கார்புரேட்டர் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார்புரேட்டரைப் பற்றியே இல்லை. "அப்பா வைத்திருந்த கார் இப்போது எங்கே இருக்கும்?" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: அப்பா 1971இல் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். 1964 மாடல். இரண்டே கதவு, முன் சீட்டை மடக்கித்தான் நாங்கள் பின்னால் ஏறுவோம். 1983இல் வீட்டுக்குத் தளம் போடப் பணம் பற்றாமல் புரோக்கர் மூலமாக ஒரு காரைக்குடிக்காரருக்கு விற்றுவிட்டார். வரும் தை மாதம் அப்பாவுக்கு 85 முடிகிறது, நினைவெல்லாம் நன்றாகவே இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் அந்தக் காரைத் தேடிப் பிடித்து வாசலில் கொண்டுவந்து நிறுத்த ஆசை. கையில் இருப்பது ஒரே ஒரு போட்டோ. அதில் நம்பர் பிளேட்டின் மூன்று எழுத்தும், அடுத்து 47ம் தெரிகின்றன. கடைசி இரண்டு எண்ணைத் தம்பி பம்பரில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு மறைத்துவிட்டான். நம்பரைக் கூட்டினால் ஒன்பது வரும், ராசியான வண்டி என்று அம்மா சொல்வார். ஆர்.சி. புக் வண்டியோடு போய்விட்டது. எங்கிருந்து தொடங்குவது? – திண்டுக்கல் வாசகி

பதில்: அப்பாவிடமிருந்து தொடங்குங்கள். 'அவருக்குத் தெரியாமல்' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் உங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள் அம்மா. உங்களிடம் இருக்கும் ஆவணங்களிலேயே முக்கியமானது அவர்தான், அவரிடமே மறைத்துக்கொண்டு தேடப் போகிறேன் என்கிறீர்கள். புரோக்கர் யார், வாங்கியவர் என்ன தொழில், பணம் ஒரே தவணையில் வந்ததா, வண்டியை யார் ஓட்டிக்கொண்டு போனார்கள், உள்ளூரில் வேலை பார்த்த மெக்கானிக்கின் ஷெட் எந்தத் தெருவில் என்பதெல்லாம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. நேராக "நம்பர் என்ன?" என்று கேட்டால் ஒருவேளை வராது. போட்டோவைக் கையில் கொடுத்து, "கொடைக்கானல் ஏறும்போது இது சூடாகுமா?" என்று கேட்டுப் பாருங்கள், தானாகவே எல்லாம் வரும். அவர் பேசுவதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து நம்பர். இங்கே அம்மாவின் ராசிக் கணக்கு உங்களைக் காப்பாற்றப் போகிறது. நான்கும் ஏழும் பதினொன்று. மொத்தம் ஒன்பதில் முடிய வேண்டுமானால் மறைந்த இரண்டு எண்ணின் கூட்டல் ஏழாகவோ பதினாறாகவோதான் இருக்க முடியும். அப்படிப் பார்த்தால் 4707, 4716, 4725, 4734, 4743, 4752, 4761, 4770, 4779, 4788, 4797. நூறு எண்ணில் தேட வேண்டியது பதினொன்றாகச் சுருங்கிவிட்டது. எண் கணிதத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் நம் வீடுகளில் வண்டி நம்பரைக் கூட்டிப் பார்க்கிற பழக்கத்தால் இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மூன்று எழுத்தும் தெரிகிறது என்றீர்களே, அது பெரிய விஷயம். 1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்து 'டி.என்.' எழுத்துகளோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு எண் வருவதற்கு முன்னால், மூன்று எழுத்தும் நான்கு எண்ணும்தான் நம்பர். அந்த எழுத்து எந்த அலுவலகத்தில் முதலில் பதிவானது என்பதைச் சொல்லும், அப்பாவின் ஊரைச் சொல்லாது. வண்டி செகண்ட் ஹேண்ட் என்பதால் முதல் ஓனர் கோயம்புத்தூராகவோ சென்னையாகவோகூட இருந்திருக்கலாம். ஊர் மதுரைப் பக்கம் என்று வந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: திண்டுக்கல் தனி மாவட்டமானதே 1985 செப்டம்பரில்தான், அதுவரை மதுரை மாவட்டம். காரைக்குடியும் அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இன்றைய மாவட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு அலைந்தால் தப்பான கவுன்ட்டரில் நிற்பீர்கள்.

இனி அந்தப் பதினொரு எண்ணையும், போட்டோவில் தெரியும் மூன்று எழுத்தோடு சேர்த்து, வண்டி விவரம் காட்டும் மத்திய அரசின் 'எம்பரிவாகன்' செயலியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஓனர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும், பரவாயில்லை. எந்த மாடல், எந்த ஆர்.டி.ஓ. அலுவலகம், பதிவு எதுவரை செல்லும் என்பது தெரிந்தால் போதும். 'ஹெரால்டு' என்று ஒன்று வந்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. எதுவுமே வராவிட்டால் வண்டி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இந்தத் தனியார் கார்களுக்குப் பதிவு 15 வருஷம்தான், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகு புதுப்பிக்கவே போகாத வண்டி பெரும்பாலும் பழைய லெட்ஜரிலேயே தங்கிவிட்டிருக்கும். அதைத்தான் 'பி ரிஜிஸ்டர்' என்பார்கள். ஒவ்வொரு பெயர் மாற்றமும் கையால் எழுதப்பட்டிருக்கும்.

அந்த ரிஜிஸ்டரைப் பார்க்க, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடலாம். ஆனால் "இப்போதைய ஓனரின் பெயர், முகவரி வேண்டும்" என்று எழுதினால் தனிநபர் தகவல் என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். பெயரே கேட்காதீர்கள். இந்த எண்ணுள்ள வண்டியின் பதிவு ரத்தாகிவிட்டதா, இல்லையென்றால் வேறு ஊருக்கு மாற்றத் தடையில்லாச் சான்று எந்த அலுவலகத்துக்குக் கொடுக்கப்பட்டது, எந்த வருஷம், இவ்வளவு மட்டும் கேளுங்கள். வண்டி எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துவிட்டால் மீதியை ஆட்கள் சொல்வார்கள்.

ஆட்கள் என்றால் யார்? ஹெரால்டு எல்லா மெக்கானிக்கும் கை வைக்கிற வண்டியாக இருந்ததில்லை. பின் சக்கரங்களுக்கு மேலே குறுக்காக ஒரே ஸ்பிரிங் பட்டை, சக்கரம் தனித்தனியாக ஏறி இறங்கும் ஆக்ஸில், முன் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னோக்கித் தூக்குகிற பானெட். இதெல்லாம் அம்பாசடர் பழகிய கைக்கு வினோதமாக இருக்கும். அதனால் ஊருக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர் மட்டும் அதைப் பார்ப்பார்கள். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் எழுபது வயது தாண்டிய மெக்கானிக், டிங்கர், குஷன் கடைக்காரர் மூன்று பேரைப் பிடித்தால் போதும், அந்த வட்டாரத்தில் ஓடிய ஹெரால்டுகள் அத்தனையும் அவர்கள் விரல் நுனியில் இருக்கும். போகும்போது போட்டோவைப் பிரின்ட் போட்டு எடுத்துப் போங்கள். போனை நீட்டினால் கண்ணாடியைத் தேடிவிட்டு "பார்த்த மாதிரி இல்லையே" என்பார்கள்.

டிரைவிங் ஸ்கூல்காரர்களையும் சினிமாவுக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவர்களையும் விட்டுவிடாதீர்கள். எண்பதுகளில் கைமாறிய பழைய கார்கள் நிறைய அங்கேதான் போயின. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது, கோவையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் யாரிடம் எந்த ஹெரால்டு இருக்கிறது என்பது ஒருவருக்கொருவர் நன்றாகவே தெரியும். தயாரித்த கம்பெனியை நம்ப வேண்டாம். வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1988இலேயே கார் தயாரிப்பு நின்றுவிட்டது.

இப்போது, ஒரு ஹெரால்டைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது உங்கள் ஹெரால்டுதானா? என் கதையைச் சொல்கிறேன். எங்கள் அப்பாவின் பியட்டை நானும் தேடினேன். ஒருவர் ஒரு ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தி, "இதுதான் சார், நம்பர் பிளேட்டைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன், அழுதேன், அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஆர்.சி.யை நிதானமாகப் படித்தால், அது எங்கள் வண்டி விற்பனையாகி நான்கு வருஷம் கழித்துத் தயாரான கார். யாரோ இரண்டு வண்டியை ஒன்றாக்கி, நல்ல நம்பரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பியட்டின் டேஷ்போர்டு பெட்டி மூடிக்கு உள்பக்கம் அப்பா பென்சிலால் ஆயில் மாற்றிய தேதிகளை எழுதி வைத்திருப்பார். அதைத் திறந்து பார்க்க இரண்டு விநாடி ஆகியிருக்காது.

ஹெரால்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதன் பாடி தனி, சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, போல்ட் போட்டு இணைத்தது. ஒன்றின் பாடியை இன்னொன்றின் சேஸிஸில் உட்காரவைப்பது நல்ல டிங்கருக்குப் பெரிய வேலையே இல்லை. கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது என்பதால் ஸ்டைலுக்காகக் கழற்றிவிட்டுத் திறந்த காராக ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு, உங்கள் வண்டி இன்று தலையில்லாமல் நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். நான்கு கதவு ஹெரால்டைக் காட்டினால் மட்டும் தயங்காமல் திரும்பி வந்துவிடலாம், அது பிற்பாடு இந்தியாவில் மட்டும் வந்த மாடல், பிறந்த ஊரான இங்கிலாந்தில்கூடக் கிடையாது. இன்ஜின் எண்ணை நம்பாதீர்கள், நாற்பது வருஷத்தில் இன்ஜின் மாறாத வண்டி அபூர்வம். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து ரிஜிஸ்டரில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அதோடு அப்பாவிடம் கேட்டு, வெளியாள் யாருக்கும் தெரியாத இரண்டு அடையாளமாவது குறித்துவையுங்கள்.

கடைசியாக அந்த ஓனர். வாங்குகிற பேச்சை முதல் நாளே எடுக்காதீர்கள், புரோக்கரை அனுப்பவும் வேண்டாம். 'எங்கள் அப்பாவின் கார்' என்று புரோக்கர் காதில் விழுந்த நிமிஷமே விலை இரட்டிப்பாகிவிடும். போட்டோவின் பிரதி ஒன்றை வைத்து நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள், அப்பாவை அழைத்துவந்து அரை மணி நேரம் அதில் உட்காரவைக்க அனுமதி கேளுங்கள். பழைய கார் வைத்திருப்பவருக்குத் தன் வண்டியின் குழந்தைப் பருவ போட்டோ கிடைப்பதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை, மறுக்க மாட்டார். தை மாதத்துக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். அதற்கு மேல் விற்க மனம் வந்தால் அவராகவே பேச்சை எடுப்பார்.

கேள்வி: என் தந்தையார் யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40 வைத்திருந்தார். 1990இல் விட்டுவிட்டு வந்தோம். ஒரு நப்பாசைதான், இன்னும் இருக்குமா? – டொரன்டோ வாசகர்

பதில்: நப்பாசை என்று சொல்லிவிட முடியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், ஸ்டார்ட் செய்ய மட்டும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி மீதிக்கு மண்ணெண்ணெயில் ஓடின அந்த ஆஸ்டின்களும் மோரிஸ்களும். புது வண்டி உள்ளே வர வழியில்லாததால் பழையதைக் கைவிடாமல் பழுது பார்த்துப் பழுது பார்த்தே ஓட்டினார்கள், பல கார்கள் பின்னாளில் வாடகைக் கார்களாகவும் நின்றன. எனவே முதலில் உங்கள் ஊர் டாக்ஸிக்காரர்களில் மூத்தவர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் கேய்டன் என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் அந்தக் காலக் கார்கள் பலவற்றின் தயாரிப்புப் பதிவுகள் இருக்கின்றன, சேஸிஸ் எண் கொடுத்தால் தேடிப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். ஆனால் தொழிற்சாலையை விட்டு எப்போது கிளம்பியது என்பதுதான் அதில் இருக்கும், இன்று யார் வீட்டு வேப்ப மரத்தடியில் நிற்கிறது என்பது இருக்காது.

கேள்வி: தாத்தாவின் காரைக் கண்டுபிடித்துவிட்டோம், 1962 மாடல். ஆர்.சி. காலாவதியாகி இருபது வருஷம் ஆகிறது. வாங்கினால் ஓட்ட முடியுமா? – ஈரோடு வாசகர்

பதில்: ஐம்பது வயது தாண்டிய, பெரிதாக உருமாற்றம் செய்யாத வண்டிகளுக்கென்றே 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர் வரும். ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த காரைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான். தாத்தா கார் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கவும் வர வேண்டும் என்றால் வழக்கமான புதுப்பித்தல், எஃப்.சி. (தகுதிச் சான்று) வழியில் போங்கள். எதுவானாலும் பழைய ஆர்.சி.யும், விற்பவர் பெயரும் ரிஜிஸ்டரில் உள்ள பெயரும் ஒன்றுதான் என்பதும் உறுதியாகும்வரை பணத்தை எண்ணாதீர்கள்.

கேள்வி: அப்பா விற்ற அம்பாசடரைச் செயலியில் பார்த்தால் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது, வாங்கியவர் மாற்றவே இல்லை. அப்பா காலமாகிவிட்டார். அப்படியானால் கார் சட்டப்படி எங்களுடையதுதானே? – பெயர் வேண்டாம் என்கிற வாசகர்

பதில்: பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த கார் எப்படி உங்களுடையதாகும்? அந்த ஆசையை விடுங்கள், பயப்பட வேண்டியதைச் சொல்கிறேன். ரிஜிஸ்டரில் யார் பெயரோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விற்றதற்கான சீட்டு ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பீரோவைக் குடையுங்கள், பிறகு அதையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் தெரிவியுங்கள். வண்டி எங்கே என்று தெரிய வேண்டுமானால் அதற்கு வழி அந்தச் செயலியிலேயே இருக்கிறது, அபராத சலான் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா பாருங்கள். எந்த ஊர், எந்த சிக்னல் என்று போட்டோவோடு வந்திருக்கும்.