காட்டுக்குள்ள எது ஓகே, எது கேஸ்? கேட்டவங்களுக்கு என் பதில்

வன வழக்கு பாக்குற வக்கீல் நான். சட்டத்த மட்டும் கேளுங்க, சஃபாரி டிக்கெட் எங்க கிடைக்கும்னு கேக்காதீங்க ப்ளீஸ்.

கேள்வி: சார், சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எல்லாம் ஒண்ணுதானே?

பதில்: இல்லவே இல்ல, பாதி கேஸ் இந்தக் குழப்பத்துலதான் வருது. 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல தேசியப் பூங்காதான் ரொம்ப கறார், ஆடு மாடு மேய விடவே கூடாது. சரணாலயத்துல பழைய உரிமை சிலத கலெக்டர் தொடர விடலாம், மேய்ச்சல தலைமை வன உயிரினக் காப்பாளர் கட்டுப்படுத்தலாம், தடுக்கவும் செய்யலாம். புலிகள் காப்பகம் 2006 திருத்தத்துல வந்தது, ஏற்கனவே இருக்குற காட்டு மேல இன்னொரு போர்வை மாதிரி, அதுக்குள்ள கோர் (நடு மையப் பகுதி), பஃபர் (அதச் சுத்தி இருக்குற பகுதி)னு ரெண்டு. முதுமலைல பூங்கா, சரணாலயம், காப்பகம் மூணும் இருக்கு. வெறும் காப்புக்காடுன்னா 1882 தமிழ்நாடு வனச் சட்டம், அது தனிக் கணக்கு. அதனால எதக் கேட்டாலும் இடம் எந்த வகைன்னு சேத்து சொல்லுங்க.

கேள்வி: டிரோன் விடலாமா?

பதில்: அனுமதி இல்லாம கூடாது.

கேள்வி: 250 கிராம் கூட வராது அண்ணா, குட்டி டிரோன்.

பதில்: யானை தராசு வச்சா பாக்கும்? கூடாது.

கேள்வி: வண்டிய ஓரமா நிறுத்தி குரங்குக்கு பிஸ்கட் போட்டா தப்பா?

பதில்: சரணாலயத்துல விலங்க சீண்டுறது, குப்பை போடுறது ரெண்டுமே 1972 சட்டம் பிரிவு 27ல வருது. பிஸ்கட் கவர் ஒண்ணு போதும். அத வீடியோ எடுத்து நீங்களே போட்டுடாதீங்க, அதுதான் முதல் சாட்சி.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர், சும்மா மலையேறப் போறோம், பர்மிஷன் வேணுமா?

பதில்: வேணும். 2018 மார்ச்ல குரங்கணி தீ மறந்துடுச்சா? அதே வருஷம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்கு தனி விதி வந்துச்சு. அரசு திறந்து விட்ட பாதைல மட்டும் போங்க. வீடியோ விஷயம் இங்கயும் அதேதான்.

கேள்வி: நாங்க அந்தியூர் பக்கம். பர்கூர் மாடு தாத்தா காலத்துலருந்து காட்டுலதான் மேயுது. இப்ப திடீர்னு கூடாதுங்கறாங்க.

பதில்: இதத்தான் எதிர்பாத்துட்டு இருந்தேன். 2022 மார்ச்ல ஐகோர்ட் முதல்ல எல்லாக் காட்டுலயும் மேய்ச்சலுக்குத் தடைன்னுச்சு, அப்புறம் அதே மாசம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு மாத்திடுச்சு. அப்ப உங்க காடு அந்தப் பட்டியல்ல இல்ல, 2024 ஜனவரில தந்தை பெரியார் சரணாலயம்னு அறிவிச்சதும் உள்ள வந்துடுச்சு. மாடும் அதேதான், புல்லும் அதேதான், வகை மட்டும் மாறிடுச்சு. ஆனா 2006 வன உரிமைச் சட்டத்துல மேய்ச்சலும் சமூக உரிமைதான், அந்தச் சட்டம் சரணாலயத்துக்கும் செல்லும். கிராம சபைல மனு போடுங்க. பழங்குடி இல்லன்னா 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி 75 வருஷம் அங்க இருந்ததக் காட்டணும், பெரியவங்க வாக்குமூலத்த எழுதி வாங்கினா அதுவும் சான்றுதான்.

கேள்வி: மாட்டுக்காக மான் பட்டினி கிடக்கணுமா? கோமாரி பரவினா யாரு பொறுப்பு?

பதில்: நோய் பயம் நியாயம்தான். அதுக்குத்தான் 1972 சட்டத்துல பிரிவு 33ஏ இருக்கு, சரணாலயத்தச் சுத்தி 5 கிலோமீட்டருக்குள்ள இருக்குற கால்நடைக்குத் தடுப்பூசி போடணும்னு. சட்டம் ஊசி போடச் சொல்லுது, நீங்க மாட்டுப் பட்டியவே காலி பண்ணச் சொல்றீங்க.

கேள்வி: பட்டிக்காரங்க தீ வைக்கிறாங்களே, அது?

பதில்: வச்சா அதே 1972 சட்டத்துல பிரிவு 30, யாரா இருந்தாலும். சிகரெட்ட அணைக்காம வீசிட்டுப் போற டூரிஸ்டும் சேத்துதான்.

கேள்வி: அப்ப நீங்க மாட்டுக்காரங்க கட்சியா?

பதில்: வன உயிரினச் சட்டம், வன உரிமைச் சட்டம் ரெண்டையும் முழுசா படிச்ச கட்சி.

கேள்வி: சார், கல்யாண போட்டோஷூட்டுக்கு டிரோன்...

பதில்: மேல போய் படிங்க.