திரையும் எழுத்தும் – வாசகர் கேள்வி பதில்: திகில் பட முன்னோட்டத்தில் தலைப்பும் பெயர்களும்

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து ‘உள்ளே’ என்ற 25 நிமிடத் திகில் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறேன். ஓர் அறை மட்டும் எப்போதும் பூட்டியே இருக்கும் பழைய வீட்டுக்கு ஒரு பெண் தனியாகக் குடிவருவதுதான் கதை. 90 விநாடி முன்னோட்டத்துக்குத் தலைப்பை வடிவமைக்க வேண்டும். ரத்தம் சொட்டும் சிவப்பு எழுத்தாக வைத்தால்தான் எடுபடும் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. ரத்தம் சொட்டும் எழுத்து ‘இது பேய்ப்படம்’ என்ற ஒரே செய்தியைத்தான் சொல்லும். அதை உங்கள் காட்சிகள் முதல் பத்து விநாடிக்குள்ளேயே சொல்லியிருக்கும். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த பார்வையாளர், தெரிந்ததையே தலைப்பும் சொல்லும்போது ஆசுவாசமாகிவிடுவார். ஆகவே எழுத்து எப்போது வர வேண்டும், அதற்கு முன் எவ்வளவு நேரம் வராமல் காக்க வைக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எழுத்தின் வடிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஏலியன்’ படத்தின் தொடக்கத்தை ஒருமுறை ஒலியோடும் ஒருமுறை ஒலியில்லாமலும் பாருங்கள். ரிச்சர்ட் கிரீன்பெர்க் வடிவமைத்த தலைப்பு அது. விண்வெளியில் இருண்ட கோள் ஒன்றைக் கேமரா மெதுவாகக் கடந்துகொண்டிருக்க, திரையின் மேற்பகுதியில் நிறைய இடைவெளி விட்டுச் சில கோடுகள் மட்டும் தோன்றுகின்றன. அவை எழுத்தின் பகுதிகள் என்றே முதலில் தெரிவதில்லை. கீழே பெயர்கள் வந்து மறைந்துகொண்டிருக்கும்போதே மேலே ஒவ்வொரு கோடாகச் சேர்ந்து, கடைசியில்தான் ஐந்து ஆங்கில எழுத்துகளும் முழுமையாகின்றன. அந்த எழுத்தில் கீறலும் இல்லை, நடுக்கமும் இல்லை. ஏதோ ஒன்று நம் கண்ணெதிரே உருவாகிக்கொண்டிருக்கிறது, அது என்னவென்று நமக்குத் தெரியவில்லை என்ற உணர்வை நான்கைந்து கோடுகளே உண்டாக்கிவிடுகின்றன.

ரத்தம் காட்டியே ஆக வேண்டும் என்று நண்பர்கள் பிடிவாதம் பிடித்தால், ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘ஷைனிங்’ படத்தின் முன்னோட்டத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். 1980இல் வந்த படம். அசையாத கேமராவின் முன் மூடிய லிஃப்ட் கதவுகள். படத்தின் பெயரும் நடிகர்களின் பெயர்களும் கீழிருந்து மேலாக நிதானமாக நகர்ந்து போகின்றன. அவை போன பிறகு கதவோரமாகப் பீறிடும் ரத்தம் கூடத்தை நிறைத்துக்கொண்டு வந்து கேமராவையே மூடிவிடுகிறது. அங்கே ரத்தம் காட்சியில்தான் இருக்கிறது. எழுத்தில் ஒரு துளிகூட இல்லை. பெயர்களைப் படித்துக்கொண்டே அந்தக் கதவுகளைப் பார்த்திருக்கும் நேரம்தான் நம் அடிவயிற்றைப் பிசைகிறது. பெயர்ப் பட்டியலையே காத்திருப்பாக மாற்றிய அந்தத் துணிச்சலை எத்தனை முறை பார்த்தாலும் என்னால் வியக்காமல் இருக்க முடிவதில்லை.

இனி உங்கள் தலைப்புக்கு வருவோம். ‘உள்ளே’ என்ற சொல்லை ஒரு தாளில் பெரிதாக எழுதி, கடைசி எழுத்தின் இரட்டைக் கொம்பை மட்டும் விரலால் மறைத்துப் பாருங்கள். ‘உள்ள’ என்று நிற்கும். அதைப் படிப்பவரின் மனம் அடுத்து ஒரு சொல்லை எதிர்பார்க்கும். இரண்டு ளகரங்களுக்கும் நடுவே அந்தக் கொம்புக்கான இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றிடம்தான் உங்கள் கதையில் வரும் பூட்டிய அறை. கறுப்புத் திரையில் இப்படியே இரண்டு விநாடி நிறுத்துங்கள். ஏன் இந்த இடைவெளி என்று பார்வையாளருக்குப் புரியக் கூடாது. பிறகு எல்லா ஒலியையும் நிறுத்தி, 12 பிரேம்கள், அதாவது அரை விநாடி, முழு அமைதி கொடுங்கள். அடுத்த பிரேமில் கொம்பு அங்கே இருக்க வேண்டும். அது பறந்து வருவதோ புகையாய் எழுவதோ வேண்டாம். சற்று முன் இல்லாதது இப்போது இருக்கிறது, அவ்வளவே. கூடவே பூட்டில் சாவி திரும்பும் ஒலி போதும். முழுத் தலைப்பும் மூன்று விநாடி நிற்கட்டும்.

கேள்வி: எங்கள் படத்தில் ஓர் ஓலைச்சுவடி முக்கிய இடம் பெறுகிறது. டைட்டில் கார்டுகளைச் சுவடி எழுத்துபோல அமைக்க விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பழுப்பு நிறப் பின்னணியில் இன்றைய எழுத்துருவைப் போட்டு ‘சுவடி’ என்று காட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சுவடி பார்த்துப் பழகிய எவரும் அதை ஒரே பார்வையில் கண்டுகொள்வார். பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. சொற்களுக்கிடையே இடைவெளி இருக்காது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும், துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. தஞ்சாவூரில் இருக்கும் நீங்கள் சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தால், நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்வீர்கள்.

இன்னொன்றையும் அங்கே கவனியுங்கள். எழுத்தாணி ஓலையில் கீறுவதோடு சரி, அது மை ஊற்றுவதில்லை. புதிதாக எழுதிய ஓலையில் எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியையோ மையையோ தடவித் துடைத்த பிறகுதான் கீறலில் தங்கிய கருமையால் எழுத்து எழுந்து நிற்கும். திகில் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான வெளிப்பாடு எனக்குத் தோன்றவில்லை. வெற்று ஓலை ஒன்றின் மீது கரி படிந்த விரல் நகர்கிறது. விரல் போன வழியில், ஏற்கெனவே அங்கே இருந்த பெயர் தெரிகிறது. இதைக் கணினியில் செய்ய வேண்டாம். ஓர் ஓலையை வாங்கி, கீறி, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்து நெருக்கத்தில் படமெடுங்கள். புள்ளியில்லாமல் எழுதினால் இன்றைய வாசகர் தடுமாறுவார் என்பதால், பெயர் முழுவதும் தெரிந்த பிறகு எழுத்தாணி வந்து ஒவ்வொரு புள்ளியாகக் குத்துவதாக அமைக்கலாம். ஓலை துளைபடும் அந்த மெல்லிய ஒலியைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: தலைப்பை எழுத்தெழுத்தாக வர வைத்தால் கொம்பு தனியே பிரிந்து, புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு நிற்கிறது. சிவப்பு எழுத்துகளோ பதிவேற்றியதும் மங்கிவிடுகின்றன. என் கணினியில் ஏதும் கோளாறா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கணினியில் கோளாறு இல்லை. கணினிகள் எழுத்தைச் சேமிக்கப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘ளே’ என்பது முதலில் ளகரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில்தான் கொம்பு இடப்பக்கம் போய் நிற்கிறது. அசைவூட்டும் மென்பொருள் இரண்டையும் தனித்தனி எழுத்தாக எண்ணிப் பிரிக்கும்போது, துணையிழந்த கொம்பு அந்தப் புள்ளி வட்டத்தோடு வருகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்றால் அதன் அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை முதலில் இயக்கிப் பாருங்கள். நான் அதைக்கூட நம்பிக்கொண்டிருப்பதில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தலைப்பைத் தட்டி, அதைக் கோட்டுருவமாக மாற்றி, ஒவ்வோர் எழுத்தையும் தனி லேயராக எடுத்துச்சென்று அசைப்பேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இந்தச் சிக்கல் வராது; அவை கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிப்பவை. ஆனால் எழுத்துருவை மாற்றிய மறுகணம் தலைப்பு முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும் என்பதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிவப்பு மங்குவதற்குக் காரணம் வேறு. இணையத்துக்கான காணொலிகளில் ஒளியளவு முழு நுணுக்கத்தோடும், நிறம் அகலத்திலும் உயரத்திலும் பாதி நுணுக்கத்தோடும் பதிவாகின்றன. ஹெச்.டி. அளவுகோலில் தூய சிவப்பின் ஒளிப்பங்கு வெள்ளையில் 21 விழுக்காடுதான். ஆகவே கறுப்பின் மேல் வைத்த சிவப்பு எழுத்தின் விளிம்பு பெரும்பாலும் நிறத்தை நம்பியே நிற்கிறது. அந்த நிறம் பாதியாகும்போது விளிம்பும் கரைந்துபோகிறது. மெல்லிய சுழிகள் நிறைந்த நம் எழுத்துக்கு இந்த இழப்பு இன்னும் அதிகம். எலும்பின் நிறம்போல லேசாக மஞ்சள் ஏறிய வெள்ளையைப் பயன்படுத்துங்கள். சிவப்புதான் வேண்டுமென்றால் தடித்த எழுத்தாகவும் சற்று வெளிர் சிவப்பாகவும் வையுங்கள். முடிவு செய்வதற்கு முன், பதிவேற்றிய கோப்பைக் கைபேசியில், கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி தெரியவில்லை என்றால் எழுத்து போதாது.

கேள்வி: முன்னோட்டத்தில் பதினொரு பேரின் பெயர்களும் வர வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். இடையிடையே போட்டால் காட்சியின் வேகம் குறைகிறது. வழி உண்டா?
– வாசகி, சென்னை

பதில்: காட்சிகளுக்கிடையே மூன்று கார்டுகளுக்கு மேல் வேண்டாம். அவற்றையும் அமைதியான முதல் பாதியிலேயே வைத்துவிடுங்கள். ஓட்டம் தொடங்கிய பிறகு பெயர் வந்தால் யாரும் அதைப் படிப்பதில்லை. மீதிப் பெயர்கள் தலைப்புக்குப் பின் வரும் இறுதி அட்டையில் இடம்பெறட்டும். எந்தக் கார்டும் மனத்துக்குள் இருமுறை வாசிக்கும் அளவுக்காவது நிற்க வேண்டும்.

இறுதி அட்டையில் ஆங்கிலப் படங்களைப் பார்த்து எழுத்தை நெருக்க முயல்வீர்கள். அங்கே பெயரின் எழுத்து தலைப்பில் இத்தனை பங்கு உயரம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தங்கள் வரையறுப்பதால், உயரத்தை விட்டுக்கொடுக்காமல் அகலத்தைக் குறைத்த ஒல்லி எழுத்துகள் வழக்கமாயின. தமிழெழுத்தை அப்படிப் பக்கவாட்டில் அமுக்கினால் செங்குத்துக் கோடுகள் மெலிந்து, கிடைக்கோடுகள் தடித்தபடியே நின்று, ‘ணை’யும் ‘ஞ’வும் நசுங்கிப்போகும். அமுக்குவதற்குப் பதில், ஒடுங்கிய வடிவங்களையும் கொண்டே வரையப்பட்ட நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். அது இலவசமாகவே கிடைக்கிறது. ‘ஒளிப்பதிவு’, ‘படத்தொகுப்பு’ ஆகிய பணிப்பெயர்களைச் சிறிதாகவும், ஆட்களின் பெயர்களைப் பெரிதாகவும் வையுங்கள்.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஒரு முன்னோட்டத்தில், ஒலி வடிவமைப்பாளரின் பெயரில் ‘ண’ வர வேண்டிய இடத்தில் ‘ன’ போய்விட்டது. பெயரை யாரோ தொலைபேசியில் சொல்ல, யாரோ தட்டச்சு செய்ய, நானும் அப்படியே வாங்கி வைத்துவிட்டேன். வெளியான அன்று மாலை அவர் என்னை அழைத்து, “சார், அது எங்க தாத்தா பேரு” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, பெயரை அவர்கள் கையாலேயே எழுதி வாங்குகிறேன்; முன்னெழுத்து ‘எஸ்.’ என்று வர வேண்டுமா, ‘ச.’ என்று வர வேண்டுமா என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்கிறேன். கார்டு தயாரானதும் அந்தத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே படத்தொகுப்பாளருக்கு அனுப்புகிறேன். உங்கள் பதினொரு பேருக்கும் இதைச் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது.