பென்டிரைவிலிருந்து கணினி துவங்க மறுப்பது ஏன்?

பினாங்கிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: விண்டோஸ் 11 நிறுவப் பென்டிரைவைச் செருகியும் மடிக்கணினி அதைச் சட்டை செய்யாமல் பழைய விண்டோஸுக்கே போகிறது.

முதலில் பென்டிரைவைத் திறந்து பாருங்கள். உள்ளே ஐ.எஸ்.ஓ. என்று முடியும் ஒரே ஒரு கோப்பு இருந்தால் கோளாறு அதுதான். பிரிக்ஃபீல்ட்ஸில் என் அக்கா மகன் இரண்டு நாள் இதோடுதான் மல்லுக்கட்டினான். கோப்பை நகலெடுத்து வைத்தால் போதாது. ரூஃபஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு பென்டிரைவில் எழுத வேண்டும். ஒழுங்காக எழுதியிருந்தால் 'இ.எஃப்.ஐ.' என்ற கோப்புறை கண்ணில் படும். புதிய கணினிகள் தேடுவது அதைத்தான். ரூஃபஸில் 'பார்ட்டிஷன் ஸ்கீம்' (வட்டைப் பகுக்கும் முறை) என்ற இடத்தில் பழைய முறையான எம்.பி.ஆர். வேண்டாம், ஜி.பி.டி. தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது, எதிலிருந்து துவங்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் துவக்கப் பட்டியல். கணினியை இயக்கியதும் டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். கை முந்தவில்லையா? விண்டோஸுக்குள் இருந்தபடியே ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீல நிறத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' இருந்தால் அங்கிருந்தே பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். பென்டிரைவின் பெயரே வரவில்லை என்றால், இடையில் யு.எஸ்.பி. ஹப் (பல துளைகள் தரும் இணைப்பான்) இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாக வேறு துளையில் செருகுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். யாரோ சொன்னார்கள் என்று 'செக்யூர் பூட்' எனும், துவங்கும்போது நம்பகமற்ற மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு வசதியை எடுத்த எடுப்பில் அணைக்காதீர்கள். பிட்லாக்கர் (வட்டில் உள்ளதையெல்லாம் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதி) இயங்கும் கணினி அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் உங்கள் படங்களும் பாடக் குறிப்புகளும் பூட்டியே கிடக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள்.