முட்டி வலிக்கிறது, ஜனவரியில் ஹாஃப் மாரத்தான் ஓடலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. மதுரையில் வங்கி வேலை. ஒன்றரை வருடமாகக் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறேன். ஜனவரியில் சென்னையில் நடக்கும் ஹாஃப் மாரத்தானுக்கு (21.1 கிலோமீட்டர்) பணம் கட்டிவிட்டேன். இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. எட்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பழக்கமில்லை. ஆனாலும் பயத்தில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக 14 ஓடினேன். அன்றிலிருந்து படி இறங்கும்போது வலது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. ஆன்லைன் பயிற்சியாளர், ஓடுவதற்கு முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்கிறார். ஷூ கடையில் பாதத்தை ஸ்கேன் செய்துவிட்டு, தட்டைப் பாதம், 14,000 ரூபாய் ஷூதான் சரி என்றார்கள். உடன் வேலை பார்ப்பவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். வீட்டில் 'முட்டி தேய்ஞ்சு போயிடும், விட்டுடு' என்கிறார்கள். ஓடலாமா, கூடாதா?
வாசகி, மதுரை

பதில்: ஓடலாம். மாத்திரை வேண்டாம், எம்.ஆர்.ஐ. வேண்டாம், அந்த ஷூவும் வேண்டாம்.

வலிக்குக் காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எட்டு கிலோமீட்டருக்குப் பழகிய கால், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினான்கைச் சுமந்திருக்கிறது. படி இறங்கும்போதும், ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் முட்டிச் சில்லைச் சுற்றி மந்தமாக வலித்தால், அது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே திடீரென்று சுமை கூடியதால் வரும் வலி. ஓடுகிறவர்கள் 'ரன்னர்ஸ் நீ' என்று சொல்வது இதைத்தான். எலும்பு மூட்டு மருத்துவன் நான். புதிதாக ஓட ஆரம்பித்தவர்கள் என்னிடம் கொண்டுவரும் வலிகளில் முதலிடம் இதற்குத்தான். முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

வீட்டில் சொல்லும் 'தேய்மானம்' பற்றி ஒரு தகவல். ஓடுகிறவர்களையும் ஓடாதவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் ஒரு கணக்கு வெளியானது. இடுப்பிலோ முட்டியிலோ மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் சுமார் 3.5 சதவீதம். ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் சுமார் 10 சதவீதம். போட்டிக்காகவே வாழ்நாள் முழுக்க ஓடுகிறவர்களில் 13 சதவீதம். நீங்கள் இந்த மூன்றாவது ரகத்தில் சேர வாய்ப்பே இல்லை. சாலை விபத்தில் முட்டியில் பலமாக அடிபட்ட மா. சுப்பிரமணியன், 2021-இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவர், நூற்றுக்கும் மேற்பட்ட ஹாஃப் மாரத்தான்களை முடித்தவர் என்பதையும் வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், குறையுங்கள். வாரம் மூன்று நாள் போதும். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். அதைத் தாண்டினால் அன்று நடந்தே வீட்டுக்குப் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் இந்த வாரம் 8, அப்புறம் வாரவாரம் 9, 11, 9, 13, 15, 17, 11 கிலோமீட்டர். ஒன்பதாவது ஞாயிறு போட்டி. 17 ஓடிய கால் 21-ஐ முடிக்கும். பயிற்சியிலேயே முழு 21.1 கிலோமீட்டரையும் ஓடிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. மற்ற இரண்டு நாளும் ஐந்தாறு கிலோமீட்டர், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். அடியை நீட்டி வைக்காமல் குட்டிக் குட்டியாக வையுங்கள். நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டிக்கு வரும் சுமை கண்கூடாகக் குறைகிறது. காசு செலவில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, இதை யாரும் சொல்வதில்லை.

ஓடாத நாட்களில் இரண்டு நாள் வீட்டுப் படியிலேயே பயிற்சி. கீழ்ப்படியில் பக்கவாட்டில் நின்று, ஒரு காலை மெதுவாகத் தரைக்கு இறக்கி, குதிகால் தொட்டதும் ஏற்றுங்கள். நிற்கும் காலின் முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, அது முக்கியம். காலுக்குப் பத்துப் பத்தாக மூன்று முறை. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, இவையும் அதே கணக்கு. முன்முட்டி வலிக்கு மருந்து பெரும்பாலும் இடுப்புத் தசையிலும் தொடைத் தசையிலும்தான் இருக்கிறது. இதைச் சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒன்றிரண்டு முறை போனால் போதும். 'பத்து சிட்டிங் பேக்கேஜ்' என்று முன்பணம் வாங்கி, முட்டியில் மெஷினை வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனையின் பிசியோ பிரிவில் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் பக்கவாதத்தில் விழுந்தவர்களே அங்கே காத்துக் கிடக்கும்போது ஓட்டக்காரரின் முட்டிக்கு யாருக்கு நேரம்? ஊரெல்லாம் ஓடச் சொல்லி விளம்பரம் செய்கிறோம், ஓடிக் காலைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு ஒரு பெஞ்சு கூட ஒதுக்குவதில்லை.

இன்னொன்று, தெப்பக்குளம். 14 கிலோமீட்டர் என்றால் பதினொரு சுற்றாவது வந்திருப்பீர்கள். சுற்றுக்கு நான்கு மூலை, ஆக நாற்பத்து நான்கு திருப்பம். எல்லோரையும் போல வலமாகத்தான் சுற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அத்தனையும் வலப்பக்கத் திருப்பம், வலிப்பதும் வலது முட்டி. இதுதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதிச் சுற்றுகளை எதிர்ப்பக்கமாக ஓடுங்கள். எதிரே நடந்து வருகிற பெரியவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஷூவுக்கு வருவோம். கடைக்காரர் கண்ணாடித் தகட்டில் ஏறி நிற்கச் சொல்லி, சிவப்பும் நீலமுமாக ஒரு படம் காட்டியிருப்பார். படம் பொய்யில்லை. அதை வைத்து அவர் சொல்லும் முடிவுக்குத்தான் ஆதாரம் இல்லை. அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள், மறு பாதிக்குப் பார்க்காமலே ஒரே வகை. காயம் படுவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. தட்டைப் பாதத்தோடு வலியில்லாமல் ஒன்றரை வருடம் ஓடியிருக்கிறீர்கள், அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? போட்டு நாலு எட்டு ஓடும்போது சுகமாக இருக்க வேண்டும், கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலமாவது இடம் வேண்டும். நான்காயிரம், ஐந்தாயிரத்தில் அப்படி ஒன்று கிடைத்துவிடும். இப்போதைய ஷூ 700, 800 கிலோமீட்டர் ஓடித் தீர்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள், அதுவும் இந்த மாதமே. போட்டிக்குப் புது ஷூ கூடாது.

எம்.ஆர்.ஐ. பற்றி எழுதினால் என் தொழிலில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. முட்டியில் வலியே இல்லாத, நாற்பது வயது தாண்டியவர்களைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முட்டிக்குள் இருக்கும் சவ்வில் கிழிசல் தெரியும். தலைமுடி நரைப்பது போல வயதோடு வருவது. உங்களுக்கும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம். ஸ்கேனில் அது 'டேர்' என்று அச்சாகி வந்துவிட்டால் நிம்மதி போச்சு. அடுத்தது ஆர்த்ராஸ்கோப்பி என்பார்கள், துளை போட்டுச் சரிசெய்துவிடலாம் என்பார்கள். படி இறங்கும் வலிக்கு அந்தக் கிழிசல் காரணமே இல்லை என்பதை எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். எழுதிக் கொடுப்பவருக்கு ஸ்கேன் சென்டரிலிருந்து கமிஷன் போகும் பழக்கம் நம் ஊரில் ரகசியமும் இல்லை. அது தவறு என்று விதி இருக்கிறது, விதி மட்டும்தான் இருக்கிறது. 'ரன்னர்ஸ் ஹெல்த் பேக்கேஜ்' என்று எழுபது எண்பது பரிசோதனைகளை அடுக்கி விற்பதும் இதே வியாபாரம்தான்.

அந்தப் பயிற்சியாளரின் மாத்திரை யோசனைதான் எல்லாவற்றிலும் மோசம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வியர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அதைப் போட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஓடுவது சிறுநீரகத்தை இரண்டு பக்கமும் நெருக்குவது. வயிற்றையும் புண்ணாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'நிறுத்து' என்று கால் சொல்வது உங்களுக்குக் கேட்காமல் போய்விடும். உங்களை நேரில் பார்க்காமல், மருத்துவம் படிக்காமல், வாட்ஸ்அப்பில் மாத்திரைப் பெயர் அனுப்புகிறவரிடம் மாதச் சந்தா கட்டுவதை நிறுத்துங்கள். 'ஆறே வாரத்தில் ஹாஃப், மெடலுக்கு நாங்கள் கேரண்டி' என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் இதுதான் என் பதில்.

ஒரே ஒரு வலிக்கு மட்டும் நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முட்டிக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பின் உள்விளிம்பை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது தசையும் எலும்பின் மேலுறையும் இழுபட்ட வலி. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஆனால் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும், விரலை வைத்ததும் 'அம்மா' என்று காலை இழுத்துக்கொள்ளும்படி வலித்தால், அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். நடக்கும்போதே வலிப்பது, ராத்திரி படுத்த பிறகும் விண்விண்ணென்று தெறிப்பது, ஒற்றைக் காலில் லேசாகக் குதித்தால் அதே புள்ளியில் குத்துவது, இவை எல்லாம் அதன் அடையாளம். இடுப்பு மடிப்புக்குள், தொடை மேலே சேரும் இடத்தில் ஆழமாக வலித்தாலும் இதே சந்தேகம்தான், அது இன்னும் ஆபத்தான இடம். உங்கள் வயதில் மாதவிலக்கு தள்ளிப்போக ஆரம்பித்திருந்தாலோ, எடை குறைக்கிறேன் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தாலோ சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. 'எக்ஸ்ரே நார்மல்' என்று சொன்னதை நம்பி ஓடி, காலை முழுசாக முறித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. இங்கேதான் எம்.ஆர்.ஐ. தேவை. விரிசல் என்று உறுதியானால் ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டமே கிடையாது. அப்போது இந்த ஜனவரியை மறந்துவிடுங்கள், கட்டிய பணத்தையும்தான்.

போட்டி நாளுக்கு ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. மதுரைக்காரர் சென்னையில் ஓடும்போது ஏமாறுவது காற்றின் ஈரத்தில். ஜனவரி விடியற்காலை இருபது டிகிரி சொச்சம், குளுகுளுவென்றுதான் இருக்கும். ஆனால் கடற்கரைக் காற்றில் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. பயிற்சி வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் மெதுவாகக் கிளம்புங்கள். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்று போனாலே 2 மணி 49 நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பத்திலிருந்தே போகலாம். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவே ஊர் உலகத்துக்கெல்லாம் பரப்பிய முறை அது, வெட்கப்பட எதுவுமில்லை. தாகம் எடுத்தால் தண்ணீர் குடியுங்கள், ஸ்டால் தவறாமல் நின்று வயிறு முட்டக் குடிக்காதீர்கள். காலையில் சாப்பிட்டுப் பழகியது இரண்டு இட்லி என்றால் அன்றைக்கும் இரண்டு இட்லி. போட்டிக்கு முன் எண் அட்டை வாங்கப் போகும் எக்ஸ்போவில் இலவசமாகத் தரும் எனர்ஜி ஜெல்லை அங்கேயே விட்டுவிடுங்கள்.

போட்டி நடத்துபவர்களில் சிலர் மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். பி.பி. கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தருகிற கிளினிக் எல்லா ஊரிலும் இருக்கிறது, வாங்குகிறவருக்கும் அது தெரியும். அந்தக் காகிதத்தால் யாருக்கும் பயனில்லை. உங்களுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், ஓடும்போது நெஞ்சு இறுகியதோ மயக்கமோ வந்திருந்தால், வீட்டில் யாராவது இளவயதில் மாரடைப்பில் போயிருந்தால், உண்மையாகவே ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள்.

பணம் கட்டியது உங்கள் பெயரிலேயா என்று கேட்டே ஆக வேண்டும். பதிவு முடிந்த பிறகு வராதவர்களின் பிப்பை, அதாவது மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை, கூடுதல் விலைக்குக் கைமாற்றி விடுகிற தரகர்கள் ஓட்டக் குழுக்களிலேயே உலவுகிறார்கள். வேறொருவர் பிப்பை மாட்டிக்கொண்டு பதினெட்டாவது கிலோமீட்டரில் நீங்கள் மயங்கி விழுந்தால், ஆம்புலன்ஸில் இருப்பவர் அந்த எண்ணுக்குரியவரின் வயதையும் ரத்த வகையையும் பார்த்துக்கொண்டு, அவர் வீட்டுக்குத்தான் போன் போடுவார். உங்கள் பெயரில் உள்ள பிப்பாக இருந்தால், பின்பக்கம் உள்ள கட்டங்களை முதல் நாள் ராத்திரியே நிரப்பிவிடுங்கள்: ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை, அன்று சென்னையில் உங்களோடு இருப்பவரின் எண். சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா மை வியர்வையில் கரைந்துவிடும்.