ஒரு குவரி ஓட்டினால் எல்லாக் கவுன்டரும் நிற்கிறது: எங்கே தேடுவது?

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறோம். கணக்கு முழுவதும் கடையில் உள்ள லினக்ஸ் சர்வரில், மைஎஸ்கியூஎல் 8.0 என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. நெசவாளர் வாரியாக ஆண்டு விற்பனை அறிக்கை எடுக்கும்போது மட்டும் ‘லாஸ்ட் கனெக்‌ஷன் டு மைஎஸ்கியூஎல் சர்வர் டூரிங் குவரி’ (குவரி, அதாவது தரவு கேட்கும் கட்டளை, ஓடும்போதே சர்வர் இணைப்பு அறுந்தது) என்று வருகிறது. அதே நொடியில் பில் போடும் கவுன்டர்களிலும் இணைப்பு அறுந்துவிடுகிறது. வெயிட்_டைம்அவுட்டை உயர்த்தியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கவுன்டர்களும் சேர்ந்து அறுந்தன என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான தடயம். வெயிட்_டைம்அவுட் என்பது வேலையின்றிச் சும்மா இருக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் கழித்து மூடுவது என்பதற்கான அளவு. இயல்பாகவே அது 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம். ஓடிக்கொண்டிருக்கும் குவரிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதால், அதைப் பழைய அளவுக்கே மாற்றிவிடுங்கள். மைஎஸ்கியூஎல் ஒரே ப்ராசஸாக (இயங்கும் நிரலாக) இயங்குகிறது, ஒவ்வொரு இணைப்பும் அதற்குள் ஒரு த்ரெட் (உட்பணி இழை) மட்டுமே. ஆகவே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இணைப்பு போகிறது என்றால், பெரும்பாலும் அந்த ப்ராசஸே விழுந்து, லினக்ஸ் அதை மறுபடி எழுப்பிவிடுகிறது என்றே கொள்ள வேண்டும்.

இதை உறுதிசெய்வது எளிது. பிழை வந்தவுடன் மீண்டும் இணைந்து, ‘ஷோ குளோபல் ஸ்டேட்டஸ் லைக் அப்டைம்’ கொடுத்துப் பாருங்கள். எண் சில விநாடிகளாகவே இருந்தால் சர்வர் இப்போதுதான் எழுந்திருக்கிறது. அடுத்து எரர் லாகை, அதாவது மைஎஸ்கியூஎல்லின் பிழைப் பதிவை, திறந்து பாருங்கள். ‘சிக்னல் 11’ (தவறான மெமரி அணுகலால் ப்ராசஸ் விழுந்ததற்கான குறி) என்று இருந்தால் மென்பொருள் பிழையோ பழுதான டேபிளோ காரணமாக இருக்கலாம். சர்வரை வீழ்த்திய குவரியின் வரியும் பெரும்பாலும் அங்கேயே பதிவாகியிருக்கும். டேபிளைச் சோதிக்கும் செக் டேபிள் கட்டளையை ஓட்டுவதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள், ஏனெனில் மைஎஸ்கியூஎல் தரவைச் சேமிக்கும் இன்னோடிபி பகுதியில் பழுதான பக்கம் தென்பட்டால் சர்வர் தானே நின்றுவிடக்கூடும்.

லாகில் விழுந்ததற்கான அடையாளமே இல்லாமல் புதிதாகத் தொடங்கிய வரிகள் மட்டும் இருந்தால், மெமரி போதாமல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே ப்ராசஸைக் கொன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெர்னல் அப்படிக் கொல்ல அனுப்பும் சிக்னல் 9-ஐ எந்த ப்ராசஸாலும் பிடிக்க முடியாது. எனவே மைஎஸ்கியூஎல்லுக்கு எழுதி வைக்கவும் அவகாசம் இருக்காது. அந்தப் பதிவு, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில், ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரியாக இருக்கும். உங்களுக்கு நேர்வது இதுதான் என்பது என் கணிப்பு. 8 ஜிபி மெமரி உள்ள கணினியில் பஃபர் பூலுக்கு (தரவை மெமரியில் வைத்திருக்கும் இடத்துக்கு) மட்டும் 6 ஜிபி கொடுத்துவிட்டு, டேபிள்களை இணைக்கவும் வரிசைப்படுத்தவும் பயன்படும் ஜாயின் பஃபரையும் சார்ட் பஃபரையும் எல்லா இணைப்புக்கும் பொதுவாக உயர்த்தி வைப்பது கடைகளில் சாதாரணமாக நடக்கிறது. அவை இரண்டும் இயல்பில் 256 கேபிதான், அப்படியே இருக்கட்டும்.

குவரியையும், அது எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளை கொடுத்துப் பாருங்கள். பில் டேபிளையும் பில் வரி டேபிளையும் இணைக்கும் நிபந்தனை விடுபட்டிருந்தால், இரண்டிலும் லட்சம் வரிகள் இருக்கும்போது 1,000 கோடி சேர்க்கைகள் உருவாகும். தேதிப் பத்தியை இயர் ஃபங்ஷனுக்குள் போட்டால் அதன் சாதாரண இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாது. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று எல்லை கொடுத்து எழுதுங்கள்.

அப்டைம் குறையவே இல்லை என்றால் கதை வேறு: சுவிட்ச், கேபிள், அறிக்கை எடுக்கும் மென்பொருளின் டைம்அவுட் ஆகியவற்றைப் பாருங்கள். எப்படியிருந்தாலும், காரணம் பிடிபடும் வரை அந்த அறிக்கையைக் கடை மூடிய பிறகு, மாதம் மாதமாகப் பிரித்து ஓட்டுங்கள்.