தைராய்டு மாத்திரையில் கை வைக்காதீர்கள்

கேள்வி: முக்கூடல் பக்கத்துக் கிராமத்தில் பீடி சுற்றுகிறேன். வயது 43. நான்கு வருடமாகத் தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தினம் 100 மைக்ரோகிராம் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். எந்தக் காப்பீடும் கிடையாது. மாதம் 1,350 ரூபாய் செலவாகிறது, தாங்கவில்லை. அதனால் ஒன்றரை வருடமாக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பிடுகிறேன். போன வருடத்திலிருந்து முடி கொட்டுகிறது, இரவில் கை மரத்துப்போகிறது. கடைசிப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்புக் குறைந்தால் இது கூடும்) 14.6. மருத்துவர் மாத்திரையை 125 ஆக்கச் சொல்கிறார். மாமியாருக்கு வயது 71, அவருக்கும் டி.எஸ்.ஹெச். 6.2 என்று வந்ததால் என் மாத்திரையில் பாதியை அவ்வப்போது கொடுக்கிறேன். செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள். ரசீதுகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: சகோதரி, ரசீதுகளை அனுப்பியது மிகவும் நல்லதாயிற்று. அவற்றைக் கூட்டிப் பார்த்தேன். முடி மாத்திரை 420, மருத்துவர் கட்டணம் 250, நரம்புச் சத்து மாத்திரை 180, கால்சியம் 140. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் முழுத் தைராய்டு பரிசோதனை 900, அதாவது மாதக் கணக்கில் 300. தைராய்டு மாத்திரை எவ்வளவு தெரியுமா? 60 ரூபாய். உங்கள் உடம்புக்கு உண்மையில் தேவையான மருந்துதான் இந்தப் பட்டியலிலேயே மலிவானது. அதைத்தான் நீங்கள் பாதியாகக் குறைத்திருக்கிறீர்கள். மிச்சமானது அதிகம் போனால் மாதம் 30 ரூபாய்.

அந்த 30 ரூபாய்க்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் குறைந்தால் முடி கொட்டும். மணிக்கட்டில் நரம்பு செல்லும் குறுகிய பாதை வீங்கி, கை மரத்துப்போகும். அசதி, மலச்சிக்கல், அதிக மாதப்போக்கு, கொழுப்பு கூடுதல் எல்லாம் வரிசையாக வரும். முடிக்கு 420, நரம்புக்கு 180 என்று நீங்கள் கொடுக்கும் 600 ரூபாய், பெரும்பாலும் தைராய்டு மாத்திரையைக் குறைத்ததால் வந்த தொந்தரவுகளுக்குத்தான் போகிறது. இதில் அசதியால் சுற்ற முடியாமல் போன பீடிகளின் கூலி சேரவில்லை. நூறு பீடி குறைந்தாலே பல நாள் மாத்திரைக்கான பணம் போய்விடுகிறது.

முதலில் 125க்கு மாறாதீர்கள். 100 மைக்ரோகிராமை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது, தினம் 50 சாப்பிடுவதற்குச் சமம். உங்கள் மருத்துவர் நீங்கள் தினமும் 100 சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டுதான் கூட்டச் சொல்லியிருக்கிறார். உள்ளதை அவரிடம் சொல்லிவிடுங்கள். எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இதயக் கோளாறு எதுவும் இல்லையென்றால் தினமும் 100 என்று மறுபடி தொடங்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பாருங்கள். அதற்கு முன்பு பார்த்தால் அளவு நிலைபெற்றிருக்காது, பணம்தான் வீண். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் என்றாவது ஒருநாள் மறந்துபோனால் பயம் வேண்டாம். வழக்கமாகவே விடுவதுதான் கெடுதல்.

முடி மாத்திரையை இன்றே நிறுத்தலாம். காசு மட்டும் காரணமல்ல. ரசீதில் அதன் பெயரைப் பார்த்தேன்; அந்த மாத்திரையில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருக்கிறது. சில பரிசோதனைக் கருவிகளில் அது டி.எஸ்.ஹெச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். உங்கள் உண்மையான அளவு 14.6ஐ விட அதிகமாகவும் இருக்கலாம். இதைப் படிக்கும் மற்றவர்களும், பயோட்டின் சாப்பிடுபவராக இருந்தால், ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு அதை நிறுத்திவிடுங்கள்.

கால்சியத்தை யார், எதற்காக எழுதினார்கள் என்று கேளுங்கள். எலும்புத் தேய்வு போன்ற காரணம் இல்லையென்றால் கேழ்வரகு, எள், நெத்திலி, மோர் போதும். தேவை என்றால் தொடருங்கள். ஆனால் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து குடலில் சரியாக ஏறாது. சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதிதான். விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்துக் காப்பி குடியுங்கள். கருப்பட்டிக் காப்பியும் காப்பிதான். அதிகாலையிலேயே தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுற்ற உட்கார்பவர் என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாம். ஏதாவது ஒரு நேரத்தைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். இதைச் சரியாகச் செய்யாததால் மட்டுமே அளவு கூட்டப்பட்டவர்கள் நிறையப் பேர்.

பரிசோதனைக்கு வருகிறேன். மாத்திரை அளவைச் சரிபார்க்கப் பெரும்பாலும் டி.எஸ்.ஹெச். ஒன்றே போதும். டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனைப் பார்க்கத் தேவையில்லை. தைராய்டைத் தாக்கும் எதிரணுக்கள் உண்டா என்று பார்க்கும் பரிசோதனையை ஒருமுறை செய்துவிட்டால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. "டி.எஸ்.ஹெச். மட்டும்" என்று சீட்டில் எழுதி வாங்கிச் செல்லுங்கள். அளவு சரியாக நின்றுவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை போதும். மாதாமாதம் மருத்துவருக்குக் கட்டணம் கொடுத்து அதே சீட்டை வாங்கவும் தேவையில்லை.

இனி இலவச வழிகள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உங்களிடம் இருக்கிறதா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. முக்கூடலிலேயே மத்திய தொழிலாளர் நலத்துறையின் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறது. பதிவு பெற்ற தொழிலாளருக்கும் குடும்பத்தாருக்கும் அங்கே சிகிச்சை உண்டு. அட்டை இல்லையென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்; இத்தனை வருட உழைப்புக்கு அது உங்கள் உரிமை. அங்கே மாத்திரை இருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை, அல்லது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையில் புறநோயாளியாகப் பதிந்து மாத்திரையும் பரிசோதனையும் கட்டணமின்றிப் பெறலாம். வரிசையில் ஒரு காலைப்பொழுது போகும், அதை மறைக்கவில்லை. அரைநாள் கூலி போகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் எத்தனை நாளுக்கு மாத்திரை தர முடியும் என்று கேட்டு, இயன்ற அளவு சேர்த்து வாங்கினால் அலைச்சல் குறையும். மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து கிடைத்தால் பஸ் செலவும் இல்லை.

வரிசையில் நிற்க முடியாத மாதங்களில் பிரதமர் மக்கள் மருந்தகம் இருக்கிறது. 2025 பிப்ரவரி 24 முதல் தமிழக அரசின் முதல்வர் மருந்தகங்களும் இயங்குகின்றன. இரண்டிலும் நிறுவனப் பெயர் இல்லாத பொதுப்பெயர் மருந்து மலிவாகக் கிடைக்கும். உங்கள் தைராய்டு மாத்திரையின் பொதுப்பெயரைச் சொல்லி, "லெவோதைராக்சின் 100 மைக்ரோகிராம்" என்று கேளுங்கள். எழுத்தைக் கவனியுங்கள்: மைக்ரோகிராம். மலிவு மருந்து வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. இந்த மருந்தில் சிறிய அளவு வித்தியாசமும் உடம்பில் தெரியும். எனவே நிறுவனம் மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு டி.எஸ்.ஹெச். பாருங்கள். பிறகு ஒரே நிறுவனத்தின் மாத்திரையிலேயே நில்லுங்கள். மாதம் ஒரு கடை, மாதம் ஒரு நிறுவனம் என்று மாற்றினால் பரிசோதனைச் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும்.

லெவோதைராக்சின் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் அதற்கு உச்ச விலை நிர்ணயிக்கப்படுகிறது. தனியார் கடையிலும் அது எட்டாக்கனி அல்ல. கடையில் வாங்கினால் முழுப் புட்டியாக வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வரும். காகித உறையில் எண்ணித் தரும் மாத்திரை வேண்டாம். ஈரமும் வெளிச்சமும் வெப்பமும் இந்த மருந்தைக் கெடுக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ், அடுப்படியில், சன்னலோரம் வைக்காதீர்கள்.

காப்பீடு இல்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது; மாதாந்தர மாத்திரைக்கு உதவாது. ஆனாலும் தகுதி இருந்தால் அட்டையை எடுத்து வையுங்கள்.

மாமியாருக்கு மாத்திரை கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். வயது கூடக் கூட டி.எஸ்.ஹெச். சற்று ஏறுவது இயல்பு. எழுபது கடந்தவருக்கு 6.2 என்றால் பெரும்பாலும் மாத்திரையே தேவைப்படாது. தேவையில்லாத தைராக்சின் முதியவர்களின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பைத் தேய்க்கும். நிறுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்து டி.எஸ்.ஹெச்., டி4 (தைராக்சின் அளவு) இரண்டையும் ஒருமுறை அரசு மருத்துவமனையில் பாருங்கள். அதற்குள் படபடப்பு, மூச்சிரைப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம்.

கை மரத்துப்போவதும், மாத்திரை ஒழுங்கானால் சில மாதங்களில் குறைய வேண்டும். பீடி சுற்றும் வேலையும் மணிக்கட்டை வருத்துகிறது. மணிக்கு ஒருமுறை கையை நீட்டி மடக்குங்கள். நரம்புச் சத்து மாத்திரையைத் தொடர வேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் கையைக் காட்டும்போது கேளுங்கள். கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்திருந்தாலோ, இலையை மடிக்கும்போது பிடி நழுவினாலோ இந்த எட்டு வாரம் காத்திருக்காமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கையைக் காட்டிவிடுங்கள்.