ஹெல்மெட்டுக்குள் ஒரு மூளை: பந்தய ஓட்டுநர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஃபார்முலா 1 பந்தயம் நடக்கும்போதே ஓட்டுநரின் மூளை அலைகளைப் பதிவு செய்கிறார்களா?

பந்தயத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. மூளை அலையைப் பிடிக்கும் மின்முனைகளை வைப்பதற்காக, கார் பந்தயங்களின் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ. சான்றளித்த ஹெல்மெட்டை விருப்பம்போல மாற்றியமைக்க விதிகள் இடம் தருவதில்லை. 2018 முதல் கையுறைக்குள் இருக்கும் சிறு சென்சார் நாடித்துடிப்பையும் ரத்த ஆக்சிஜன் அளவையும் அனுப்புகிறது. விபத்து நேர்ந்தால் மருத்துவக் குழுவுக்கு உதவுவதே அதன் முதல் நோக்கம். மூளை அளவீடுகள் பெரும்பாலும் சிமுலேட்டர் எனும் பாவனைக் காரிலும் தனிச் சோதனை ஓட்டங்களிலும்தான் நடக்கின்றன.

கேள்வி: ஓடும் காரில் யாராவது அளந்திருக்கிறார்களா?

ஆம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், மின்சாரக் கார் பந்தயமான ஃபார்முலா ஈ-யில் சாம்பியனான லூக்காஸ் டி கிராஸியை, பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சியான 'டாப் கியர்' தடத்தில் ஓட்டவைத்தார்கள். தடம் ஈரம், நல்ல குளிர், பார்வையும் சரியாகத் தெரியாத நேரம். மூளை அலை, கண் அசைவு, கை கால் அசைவு எல்லாம் ஒன்றாகப் பதிவாயின. 2020-ல் வெளிவந்த அந்த ஆய்வில் டெல்டா, ஆல்ஃபா, பீட்டா எனப்படும் மூளை அலை வகைகளுக்கும் கை அசைவுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் ஓட்டியவர் ஒரே ஒருவர். அதனால் "இப்படியும் அளக்க முடியும்" என்று காட்டியதுதான் அதன் பெரிய சாதனை.

அது சின்ன சாதனை இல்லை. உச்சந்தலையில் கிடைக்கும் மூளை மின்சாரம் சில பத்து மைக்ரோவோல்ட்தான் (ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோவோல்ட்). பல்லைக் கடித்தாலோ கழுத்துத் தசை இறுகினாலோ எழும் மின் அலை அதைவிடப் பெரியது. திருவிழா மேளத்துக்கு நடுவே காதோடு சொல்லும் சேதியைப் பிடிப்பது போன்ற வேலை. வளைவில் கழுத்து இறுகாத பந்தய ஓட்டுநர் எங்கே இருக்கிறார்?

கேள்வி: சாம்பியனின் மூளை நம்முடையதைவிட அதிகமாக வேலை செய்யுமா?

குறைவாக! 2013-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் தொழில்முறைப் பந்தய ஓட்டுநர்களையும் சாதாரண ஓட்டுநர்களையும் மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, எளிய அசைவுப் பயிற்சிகளையும் பார்வைப் பயிற்சிகளையும் செய்யச் சொன்னார்கள். இரு தரப்பும் சமமாகவே செய்தார்கள். ஆனால் பந்தய ஓட்டுநர்களின் மூளையில் செயல்பட்ட பரப்பு சிறியது, அந்தப் பகுதிகளுக்கிடையே இருந்த இணைப்போ வலுவானது. இது படுத்த நிலையில் கிடைத்த முடிவு என்பதையும் மறக்கக் கூடாது. இத்தாலிய மருத்துவர் ரிக்கார்டோ செக்கரெல்லி ஓட்டுநர்களுக்குத் தரும் மனப் பயிற்சியும் இதே வழியில்தான் போகிறது: குறைந்த உழைப்பில் அதே மதிப்பெண்ணை எடுப்பது.

கேள்வி: 300 கி.மீ. வேகத்தில் கண் இமைத்தால் என்ன ஆகும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஓர் இமைப்பு 0.2 விநாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கார் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். அத்தனை தூரமும் இருட்டு.

ஜப்பானின் தொலைத்தொடர்பு நிறுவனமான என்.டி.டி.யின் ஆய்வாளர்கள் ஃபார்முலா கார் ஓட்டுநர்கள் மூவரின் இமைப்புகளை முந்நூறுக்கும் மேற்பட்ட சுற்றுகளில் பதிவு செய்து 2023-ல் வெளியிட்டார்கள். இமைப்பு கண்டபடி வரவில்லை. சுற்றுக்குச் சுற்று தடத்தின் அதே இடங்களில் வந்தது. பிரேக் மிதித்து வளையும் இடங்களில் இமை ஏறக்குறைய அசையவே இல்லை. அந்த நெருக்கடி தளர்ந்த பிறகுதான் இமைத்தார்கள். யாரும் இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது, அதுதான் என்னை வியக்க வைக்கிறது. இமைப்பு கண்ணை ஈரமாக்க மட்டும் இல்லை, கவனம் எங்கே இறுகி எங்கே தளர்கிறது என்பதையும் அது காட்டிக்கொடுக்கிறது.

தலையும் அப்படித்தான். 2001-ல் இங்கிலாந்தின் மல்லோரி பார்க் தடத்தில் பந்தய ஓட்டுநர் டோமாஸ் ஷெக்டரைப் பதிவு செய்தபோது, கார் எப்படித் திரும்பப்போகிறது என்பதை அவர் தலை சுமார் ஒரு விநாடி முன்பே காட்டியது. ஓடும் காரில் இன்றைக்கு மூளை அலையைவிடக் கண்ணையும் தலையையும்தான் நான் அதிகம் நம்புவேன்.

கேள்வி: ஆல்ஃபா அலை கூடினால் கவனம் சிதறிவிட்டது என்று அர்த்தமா?

அப்படிச் சொல்ல முடியாது. கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் தலையின் பின்பகுதியில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது விநாடிக்கு அத்தனை முறை அதிரும் இந்த அலை கூடும். ஆனால் தேவையற்றதை ஒதுக்கும்போதும் மூளையின் சில பகுதிகளில் கூடும். எந்த இடத்தில், எந்த வேலையின்போது என்று தெரியாமல் பொருள் சொல்லக் கூடாது.

கேள்வி: 14 வயது மகன் கோவையில் கார்ட் எனும் சிறு பந்தய வண்டி ஓட்டுகிறான். கவனத்தை அளக்கும் தலைப்பட்டை வாங்கித் தரலாமா?

இப்போது வேண்டாம். நெற்றியில் தொடும் இரண்டு மூன்று மின்முனைகள் புருவச் சுளிப்பையும் கண் இமைப்பையும் சேர்த்தே பிடிக்கும். திரையில் வரும் 'கவன மதிப்பெண்' அதைத் தயாரித்தவர்கள் வைத்த கணக்கு. அதற்குப் பதில், தொடர்ந்து பத்துச் சுற்றுகளின் நேரத்தை எழுதுங்கள். வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் உள்ள இடைவெளி வாரா வாரம் குறைகிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டில் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, எங்கே பிரேக், எங்கே பார்வை என்று தடம் முழுவதையும் வாயால் ஓட்டச் சொல்லுங்கள். எந்த வளைவில் திக்குகிறானோ, அடுத்த பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.